பழைய டர்போ கார் வாங்கியாச்சா? முதல் வேலை ஆயில்

பழைய டர்போ காரை வாங்கிய கையோடு பட்டறைக்கு வருகிறவர்களில் பலர், "அண்ணா, டர்போ நல்லா இருக்கானு கழற்றிப் பார்த்துடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் டர்போ பக்கமே போவதில்லை. டிப்ஸ்டிக்கை உருவுவேன். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்ப்பேன். பழுப்பு நிறத்தில் மெல்லிய பூச்சு மட்டும் இருந்தால் பரவாயில்லை. நகத்தால் சுரண்டும்போது தார் மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால், அந்த டர்போ இன்னும் எத்தனை நாளைக்கு என்ற கவலை எனக்கு அப்போதே வந்துவிடும்.

காரணம் எளிது. டர்போ என்பது ஒரு மெல்லிய ஷாஃப்ட், அதன் இரு முனையிலும் ஆளுக்கொரு சக்கரம். என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய பெட்ரோல் கார்களில் இது நிமிடத்துக்கு 2,00,000 சுற்றையும் தொடும். முழுப் பாரத்தில் ஓடும் பெட்ரோல் என்ஜினில் டர்போவுக்குள் நுழையும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இவ்வளவு வேகத்தையும் வெப்பத்தையும் தாங்குவது பெரும்பாலான கார்களில் பால் பேரிங்கூட இல்லை. ஒரு சின்ன வளையமும், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய ஆயில் படலமும்தான். அந்தப் படலம் சில நொடி அறுந்தால் போதும், உலோகம் உலோகத்தை உரசும். பட்டறைக்கு வரும் செத்த டர்போக்களில் பெரும்பாலானவை தானாகக் கெட்டவை அல்ல. ஆயில் வராமலோ, அழுக்கு ஆயில் வந்தோ, தூசி உள்ளே போயோ செத்தவை. அதனால் வாங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலைகளை நான் ஆயிலிலிருந்து தொடங்கிக் காற்றுக்குப் போய், மற்றவற்றைக் கடைசியில் வைக்கிறேன்.

விற்றவர் சொன்னதை ஒதுக்கி வையுங்கள்

"போன மாதம்தான் ஆயில் மாத்தினேன்" என்று விற்றவர் சொல்லியிருப்பார். உண்மையாகவே மாற்றியும் இருக்கலாம். ஆனால் என்ன ஆயில், எந்த ஃபில்டர், அதற்கு முன் எவ்வளவு காலம் மாற்றாமல் ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது. பில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வாங்கிய வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.

ஆயில் தேர்வில் பலரும் கேனில் இருக்கும் 5டபிள்யூ-30 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அது ஆயிலின் ஓட்டத்தன்மை, அவ்வளவுதான். ஒரே எண் போட்ட இரண்டு கேன்களுக்குள் இருக்கும் ஆயில் வேறு வேறாக இருக்கும். காரின் கையேட்டில் ஒரு தரக் குறியீடு கொடுத்திருப்பார்கள்: ஏபிஐ எஸ்பி (அமெரிக்கத் தரம்), ஏசிஇஏ சி3 (ஐரோப்பியத் தரம்), அல்லது தயாரிப்பாளரின் சொந்த அங்கீகார எண். அந்தக் குறியீடு கேனின் பின்பக்கம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் டர்போ (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் வகை) என்றால் இது இன்னும் முக்கியம். குறைந்த ஆர்பிஎம்மில் பாரம் ஏறும்போது, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு இந்த என்ஜின்களில் உண்டு. பிஸ்டனையே உடைக்கும் அளவுக்கு அதன் அடி பலமானது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகை டிடர்ஜென்ட் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்ற தரங்கள் வந்தன. டீசலில் புகை வடிகட்டியான டிபிஎஃப் இருந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் போட வேண்டும். அதற்குத்தான் ஏசிஇஏவின் சி வரிசை.

ஃபில்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். நல்ல ஃபில்டருக்குள், வண்டி நின்றதும் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். அது சரியில்லாவிட்டால் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டர்போ சில நொடி வறண்டு சுழலும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஒரு வருடத்தில் ஆகும்.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் தவறாமல் செய்வது இது. ஃபில்டருக்குள் இருக்கும் மடிப்புக் காகிதத்தை உருவி, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்து வைப்பேன். மடிப்புக்குள் கறுப்புத் துகள்கள் இருந்தால் கரி. வெள்ளி நிறத்தில் மின்னினால் காந்தத்தை அருகில் கொண்டு போவேன். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியமோ பேரிங் உலோகமோ. செம்பு அல்லது பொன் நிறத்தில் பொடி மின்னினால் எங்கோ ஒரு பேரிங் தேய்கிறது, அது டர்போவுடையதாகவும் இருக்கலாம். விற்றவர் வாயிலிருந்து வராத பல விஷயங்கள் அந்தக் காகிதத்தில் கிடைக்கும்.

முதல் ஆயிலை 1,500 முதல் 2,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுங்கள். புதிய ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் பழைய படிவத்தை மெதுவாகக் கரைத்துக்கொண்டு வரும். அந்த அழுக்கோடு முழு இடைவெளியும் ஓட்டக் கூடாது. இதற்குப் பதில் என்ஜின் ஃப்ளஷ் கெமிக்கலை ஊற்றி ஒரே நாளில் கழுவிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வரலாறு தெரியாத டர்போ காருக்கு நான் அதைச் செய்யமாட்டேன். பெரிய பெரிய கசடாகப் பெயர்ந்து வந்தால் அது அடைக்கப்போவது ஆயில் பம்பின் சல்லடையையும் டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயையும்தான். அதற்குப் பிறகு 7,500 அல்லது 8,000 கிலோமீட்டர், இல்லாவிட்டால் ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் போதும். கையேடு 15,000 என்று சொன்னாலும் என் கணக்கு இதுதான்.

ஆயில் மாற்றியதும் ஸ்டார்ட் செய்து, ஆயில் பிரஷர் விளக்கு அணைந்த பிறகும் ஒரு நிமிடம் அப்படியே ஓடவிடுங்கள். அதற்குள் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்க்கவே கூடாது.

அந்தக் குட்டிச் சல்லடை

என்ஜினிலிருந்து டர்போவுக்கு ஆயில் கொண்டு போகும் குழாய் பென்சிலைவிட மெலிது. சில என்ஜின்களில் அந்தக் குழாயைப் பிடித்திருக்கும் துளை போட்ட போல்ட்டுக்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு கம்பிச் சல்லடை இருக்கும். சில சுபாரு டர்போக்களிலும், பியூஜோ, சிட்ரோன், ஃபோர்டு கார்களில் வந்த 1.6 லிட்டர் டீசலிலும் இது பெயர் பெற்ற விஷயம். டர்போவைக் காக்க வைத்த சல்லடை, கரி அடைத்துக்கொண்டால் அதே டர்போவைப் பட்டினி போட்டுவிடும். உங்கள் என்ஜினில் அது உண்டா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இருந்தால் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகள் வழியே வெளிச்சம் தெளிவாகத் தெரிய வேண்டும். திரும்பப் பூட்டும்போது செம்பு வாஷர்கள் புதிதாக இருக்கட்டும்.

டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயையும் மறக்கக் கூடாது. அதில் பம்ப் கிடையாது. ஆயில் தன் எடையால்தான் கீழே வடிகிறது. குழாய் மடங்கியிருந்தாலோ, யாராவது கேஸ்கெட்டுக்குப் பதில் சிலிக்கான் பசையை அள்ளிப் பூசி அது உள்ளே பிதுங்கியிருந்தாலோ, வடிய வழியில்லாத ஆயில் டர்போவின் சீலைத் தாண்டி வெளியே வரும்.

இதே தொந்தரவைக் கொடுக்கும் இன்னொன்று பிசிவி வால்வு. என்ஜினின் அடிவயிற்றில் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்புவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்காது, சைலன்சரில் நீலப் புகை வரும். உடனே "டர்போ போச்சு" என்று பெரிய செலவு சொல்லப்படும். அதற்கு முன் ஒரு சோதனை: வண்டி ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து லேசாக மேலே வையுங்கள். மூடி துள்ளினாலோ வாயு குப்பென்று வெளியே வந்தாலோ உள்ளே அழுத்தம் இருக்கிறது. மாறாக, மூடியைத் திறக்கவே முடியாதபடி உள்ளே உறிஞ்சிப் பிடித்து, ஒரு விசில் சத்தமும் கேட்டால் பிசிவியின் ரப்பர் திரை கிழிந்திருக்கும். டர்போ மாற்றச் சொன்ன சில வண்டிகள் இந்தச் சின்னப் பாகத்தை மாற்றியதோடு சரியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் வருகிற சந்தோஷம் தனி.

காற்று வரும் பாதை

ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். போடும்போது ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள் எல்லாம் உண்மையாகவே பூட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒரு கிளிப் உடைந்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் தூசி அந்த வழியாகப் போகும். 2,00,000 சுற்றில் ஓடும் சக்கரத்துக்கு மணல் துகள் ஒன்றும் சின்ன விஷயம் அல்ல.

பெட்டியைத் திறந்த கையோடு டர்போவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் போகும் இன்டேக் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்தால் சக்கரம் தெரியும். இலைகளின் விளிம்பு கூராக, சீராக இருக்கிறதா? நுனி மடங்கியோ பொடிந்தோ இருக்கிறதா? விரலால் மெதுவாகச் சுற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். அப்புறம் ஷாஃப்ட்டின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். லேசான ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடைவெளி, பயப்பட வேண்டாம். ஆனால் சக்கரம் சுற்றுச்சுவரைத் தொடக் கூடாது. கடைசியாக முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில் விரலுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது, டர்போவுக்கு வேலை வந்துவிட்டது.

ஹோஸின் உள்பக்கம் லேசான ஆயில் ஈரம் இருந்தால் அது இயல்பு. பிசிவி வழியாக வருகிற ஆவி. டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் கீழ்ப்பகுதியில் ஆயில் தேங்கி நின்றால் இயல்பு அல்ல.

டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து என்ஜின் என்று போகும் ரப்பர் ஹோஸ்கள் பழைய கார்களில் வெடித்திருக்கும். பெரும்பாலும் கிளாம்புக்குப் பக்கத்தில்தான். கையால் வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் வாய் திறக்கும். அறிகுறி: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது புஸ்ஸென்று காற்றுச் சத்தம், பிக்கப் குறைவு, டீசலில் கறுப்புப் புகை. ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு வந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், போதவில்லை என்று பொருள். அதைப் பார்த்தவுடன் டர்போவைக் குறை சொல்லாமல் முதலில் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். குழாய்க்குள் புகையைச் செலுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை கசியும். பட்டறையில் அந்த மெஷின் இல்லையென்றால், குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்துச் சோப்பு நீர் தெளித்தாலும் குமிழி காட்டிக்கொடுக்கும்.

மற்ற வேலைகள்

கூலன்ட்டை முழுதாக வடித்து, கையேடு சொல்லும் வகையை ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதியியல் கொண்ட கூலன்ட்கள் உண்டு. பல டர்போக்களின் நடுப்பகுதி கூலன்ட்டால் குளிர்கிறது, அதனால் இது டர்போ பராமரிப்பும்தான். சில கார்களில் வண்டியை அணைத்த பிறகும் ஒரு மின்சார பம்ப் சில நிமிடம் முனகிக்கொண்டிருக்கும். அது கோளாறு அல்ல, டர்போவைக் குளிர வைக்கிறது.

பெட்ரோல் காரென்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். அழுத்தம் கூடிய சிலிண்டருக்குள் பொறி தாண்டுவது கடினம் என்பதால் டர்போ என்ஜின்களில் பிளக் இடைவெளி குறைவாக, பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தேய்ந்து இடைவெளி கூடினால் ஐடிலில் ஒன்றும் தெரியாது, மேட்டில் ஏறும்போது வண்டி உதறும். பிளக் தேய்ந்தால் இக்னிஷன் காயிலும் சேர்ந்து கெடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் இன்டேக் வால்வுகளின் பின்பக்கம் கரி படியும். பெட்ரோல் அந்த வால்வுகள் மேல் படுவதே இல்லை என்பதால், டேங்கில் ஊற்றும் கிளீனர் அங்கே போய்ச் சேராது. ஐடில் நடுக்கமும் பிக்கப் குறைவும் இருந்தால் கேமரா விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் வால்நட் ஓட்டுத் தூளை வீசிச் சுத்தம் செய்ய வேண்டும்.

டைமிங் பெல்ட்டுக்கு ஆதாரம் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள், இதில் பேச்சே வேண்டாம். சில சிறிய டர்போ என்ஜின்களில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். ஃபோர்டின் முதல் தலைமுறை 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட்டும் பியூஜோவின் 1.2 லிட்டர் பியூர்டெக்கும் அப்படிப்பட்டவை. தவறான ஆயில் போட்டாலோ காலம் கடத்தினாலோ பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் சல்லடையை அடைக்கும். அப்போது போவது டர்போ மட்டும் அல்ல.

டீசலில் ஃபியூயல் ஃபில்டர் மாற்றுவது கட்டாயம். டர்போவுக்குள் இருக்கும் நகரும் இதழ்கள், ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டிய வண்டிகளில் கரி படிந்து சிக்கிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும்போது திடீரென்று வண்டி சக்தியை இழந்து, அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இந்த அறிகுறியை "சென்சார் பிரச்சினை" என்று தள்ளிப்போட வேண்டாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனால், டிபிஎஃப் சுத்தமாகும் வேலை பாதியில் நின்று நின்று டீசல் ஆயிலில் கலக்கிறது. ஒன்றை மட்டும் ஒவ்வொரு டீசல் டர்போக்காரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: சீல் போன டர்போ வழியாக என்ஜின் தன் ஆயிலையே எரிக்கத் தொடங்கினால், சாவியை அணைத்தாலும் நிற்காது, ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுதாக அழுத்தி, உச்ச கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு அடக்குங்கள். முடியாவிட்டால் எல்லோரும் இறங்கி விலகி நில்லுங்கள். பானெட்டுக்குள் கை விடாதீர்கள்.

ஸ்கேனர் போடும்போது பிழைக் குறியீடுகளை மட்டும் பார்க்காமல், ரெடினஸ் மானிட்டர்கள் (கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல மானிட்டர்கள் "முடியவில்லை" என்று காட்டினால் யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ரீமேப் செய்த (என்ஜின் கணினியின் அமைப்பை மாற்றிய) வண்டியா என்பதையும் விசாரியுங்கள். அழுத்தும்போது மட்டும் தரும் சுகத்துக்காகப் பூஸ்ட்டை ஏற்றிய பழைய காரை, கம்பெனி அமைப்புக்கே திருப்பிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

ஓட்டும் விதம்

விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உரிமையாளர் அவ்வப்போது நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை, டர்போ சரியாக வேலை செய்யாமல் பல கார்களிலிருந்து அதையே கழற்றினார்கள். டர்போ அன்று முதலே உரிமையாளரின் பழக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

குளிர்ந்த என்ஜினை முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். டாஷ்போர்டில் தெரியும் வெப்பநிலை கூலன்ட்டுடையது; ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். உயர்ந்த கியரில் 1,500 ஆர்பிஎம்மில் இருந்துகொண்டு முழுதாக மிதிக்காதீர்கள், கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். வேகமாக ஓட்டியோ மலை ஏறியோ வந்து நின்றால் ஒரு நிமிடமாவது ஐடிலில் விட்டுப் பிறகு அணையுங்கள். உடனே அணைத்தால் சூடான டர்போவுக்குள் நிற்கும் ஆயில் வெந்து கரியாகும். ஊருக்குள் நிதானமாக வந்து நிறுத்தினால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து, அளவைக் குறித்து வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் டர்போ போய்விட்டது என்று உறுதியானால், புதியதை மட்டும் பூட்டி அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். பழையது ஏன் செத்தது என்று மெக்கானிக் காட்ட வேண்டும். ஆயில் வரும் குழாயையும் அதன் போல்ட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே கிடக்கும் ஆயிலையும் உலோகத் துண்டுகளையும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அவை நேராக என்ஜினுக்குள் போகும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, புதிய டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அதன் பிறகே குழாயைப் பூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.